இராஜாங்கத்துக்கு உகந்த வண்டி

"மணலா, ஆளா? ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க."

"ரெண்டும்தான் சார். காலையில முன்னாடி ரெட்ட கேபின்ல ஆளுங்கள ஏத்திக்கிட்டுப் போவோம். அப்புறம் மணலு. சாயங்காலம் சென்ட்ரிங் தகடு..."

"மூணாச்சு."

"மழ வந்துட்டா சிமெண்ட் மூட்டைய மூடி எடுத்தாரணும் சார். கலவ மெஷின பின்னால மாட்டி இழுக்கணும்."

"அஞ்சு. ஒரு வண்டிக்கு அஞ்சு நோக்கம் வச்சிருக்கீங்க. உங்களுக்கே இது நியாயமாப் படுதா?"

கேட்டவர் பரணிதரன், உகந்த வாகனத் தேர்வு வாரியத்தின் உறுப்பினர் செயலர். அவருக்குப் பின்னால் சுவரில் 'பல்பயன் வண்டித் திட்டம்: ஒரே வண்டி, ஓராயிரம் வேலை' என்று எழுதிய பதாகை தொங்கியது. அதன் கீழே அமர்ந்து, விண்ணப்பத்தில் 'நோக்கம்' என்ற சொல்லுக்கு எதிரே இருந்த ஒரே ஒரு கட்டத்தைப் பேனா முனையால் தட்டிக் காட்டினார். கட்டம் புளியங்கொட்டை அளவு இருந்தது. அதில் ஒரு நோக்கம்தான் கொள்ளும்.

எதிரே நின்றவர் இராஜாங்கம். ஒரத்தநாட்டுக்குக் கிழக்கே பூவனூர்க்காட்டுக்காரர். சித்தாளாகச் சேர்ந்து, கொத்தனாராகி, மேஸ்திரியாகி, நாற்பத்தெட்டாவது வயதில் ஒப்பந்தக்காரராகப் பதிவு செய்துகொண்டவர். அவர் பெயரிலேயே கிடைத்த முதல் வேலை, அவர் குடியிருக்கும் புதுத்தெருவுக்குப் போகிற வாய்க்கால் பாலத்தை இடித்துவிட்டு அகலமாகக் கட்டுவது. புதுத்தெருவில் நாற்பத்தாறு வீடு. வெளியே போக அந்த ஒரு பாலம். அதற்கு முன் அந்த இடத்தில் இரண்டு பனந்துண்டுகள்தான் கிடந்தன. பண்ணையாட்களாக இருந்த பதினேழு பேர், இராஜாங்கத்தின் அப்பா உட்பட, கைநாட்டு வைத்து மனு மேல் மனுவாகக் கொடுத்து, பத்தொன்பது வருடம் கழித்து வந்த பாலம் அது. ஆனால் அதில் ஆம்புலன்ஸ் நுழையாது.

இந்தப் பக்கத்தில் வாய்க்காலுக்குள் நடக்கும் எந்த வேலைக்கும் கடிகாரம் மேட்டூரில் இருக்கிறது. தை கடைசியில் வாய்க்கால் காயும். ஜூன் பன்னிரண்டில் அணை திறந்தால், அந்த மாதம் முடிவதற்குள் தண்ணீர் கடைமடைக்கு வந்துவிடும். இடையிலுள்ள மாதங்களில்தான் மனிதன் உள்ளே இறங்கி வேலை செய்யலாம். பரணிதரன் ஐந்து நோக்கங்களை எண்ணி முடித்தபோது மார்ச் மாதம் ஏழாம் தேதி.

வண்டியைத் தேர்ந்தெடுப்பது அப்படியொன்றும் சிக்கலான காரியம் இல்லை என்றுதான் இராஜாங்கம் நினைத்திருந்தார். பூவனூர்க்காட்டுக்கு வரும் சாலை வாய்க்கால் கரைமேல் வருகிறது. பெரிய டிப்பர் லாரி திரும்பாது. லோடு ஆட்டோவில் ஜல்லி ஏற்றினால் முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும். டிராக்டர் டிரெய்லர் கிடைக்கும்தான், ஆனால் மே பிறந்ததும் குறுவைக்கு எல்லா டிராக்டரும் வயலில் இறங்கிவிடும். அப்புறம் அவற்றைக் கரையேறச் சொல்ல யாராலும் முடியாது. ஆகவே நடுத்தரமான ஒரு சொந்த வண்டி வேண்டும். எவ்வளவு நடுத்தரம் என்பதைக் கண்டுபிடிக்க அவர் ஒரு மூங்கில் கழியை ஏழடிக்கு வெட்டி, அதைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு விலக்கு ரோட்டிலிருந்து வாய்க்கால் பாலம்வரை நடந்தார். கழி எங்கெல்லாம் இடித்ததோ அங்கெல்லாம் சுண்ணாம்பால் கோடு போட்டார். பாதி வழியில் மூன்று பேர், பாடை கட்ட மூங்கில் கொண்டுபோகிறார் என்று நினைத்து, "யாரு வீட்ல?" என்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டார்கள். கழி இரண்டே இடத்தில் இடித்தது. மூன்று அங்குலம் நறுக்கியதும் எங்கும் இடிக்கவில்லை.

பக்கப்பலகையின் உயரத்தை முடிவு செய்தவர் அவர் மனைவி அம்சவல்லி. இருபது வருடம் சட்டி சுமந்தவர். வண்டி விற்கும் இடத்துக்குத் தலையில் ஒரு சிமெண்ட் சட்டியோடு போய், ஒவ்வொரு வண்டியாக நின்று பார்த்தார். விற்பனைப் பையன்கள் சிரித்தார்கள்.

"சிரிங்கடா. இதுக்கு மேல பலக இருந்தா ஒரு நாளைக்கு ஐநூறு தடவ எக்கணும். நீங்களா எக்குவீங்க?"

ஏழாவது வண்டியில் சட்டி, தோள் உயரத்திலிருந்து அலுங்காமல் உள்ளே சரிந்தது. மூன்று பக்கமும் திறக்கும் தொட்டி. தூக்கிக் கொட்டும் வசதி. பின்னால் இரட்டைச் சக்கரம், கரை மண்ணில் புதையாது. மெஷினை மாட்டக் கொக்கி. இராஜாங்கம் கழியை வைத்துப் பார்த்தார். கழியைவிட வண்டி ஓர் அங்குலம் ஒல்லியாக இருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட அவர்கள் அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை.

வங்கியும் சரி என்றது. வாரியத்தின் தேர்வுச் சான்று மட்டும் வேண்டும் என்றது. சிறு ஒப்பந்தக்காரர்கள் தங்களுக்குப் பொருந்தாத வண்டியை வாங்கி ஏமாந்துவிடுகிறார்கள் என்ற மேலிடத்துக் கவலையில் மூன்று ஆண்டுகளுக்கு முன் பிறந்தது வாரியம். அது தஞ்சாவூரில் ஒரு பழைய நெல் கிடங்கில் இயங்கியது. கோப்புகளைப் பிரித்தால் இன்னமும் தவிடு பறக்கும்.

ஐந்து நோக்கத்தோடு பரணிதரனின் அறையிலிருந்து வெளியே வந்தவருக்கு, முகப்பில் இருந்த கமருன்னிஸா என்ற எழுத்தர்தான் வழி சொன்னார்.

"அண்ணே, அஞ்சு நோக்கத்துக்கும் அஞ்சு விண்ணப்பம் தனித்தனியாப் போடுங்க. அப்புறம் அந்த அஞ்சையும் ஒரே விண்ணப்பமா எடுத்துக்கணும்னு ஆறாவதா ஒண்ணு போடுங்க."

"அப்படிப் போட்டா ஆகிடுமாம்மா?"

"ஆறாவதுல 'நோக்கம்'னு ஒரு கட்டம் இருக்கும். அதுல என்ன எழுதறதுன்னுதான் இதுவரைக்கும் யாருக்கும் தெரியல."

இராஜாங்கம் அந்தக் கட்டத்தில் 'பாலம்' என்று எழுதினார். கமருன்னிஸா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முத்திரை வைத்தார்.

அடுத்த வாரம், அகலத்துக்கும் உயரத்துக்கும் ஆதாரமாக அவர் எழுதியிருந்த கழியையும் மனைவியையும் கொண்டுவரும்படி கடிதம் வந்தது. கழிக்குப் பேருந்தில் தனிச்சீட்டு எடுத்தார்கள். பரணிதரன் கழியை மேசைமேல் வைத்து முன்னும் பின்னும் புரட்டினார்.

"இதுல முத்திரை இல்லையே. அளவுகோல்னா முத்திரை இருக்கணும்."

"மூங்கிலு சார் இது."

"மூங்கில்னு நீங்க சொல்றீங்க. சாலையோட அகலத்தை நிர்ணயிச்சிருக்கு. அப்ப அது அளவுகோல்தானே?"

அம்சவல்லியின் தோள் விஷயம் இன்னும் சிக்கலாக இருந்தது. ஒருவருடைய தோளை வைத்து ஒரு வாகனத்தின் உயரத்தைத் தீர்மானிக்க முடியாது, சராசரி வேண்டும் என்றார்கள். இராஜாங்கம் தன்னிடம் வேலை செய்யும் ஒன்பது பெண்களை அழைத்துவந்தார். ஒன்பது பேரும் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, வாரியத்தின் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். அளக்க டேப் இல்லை. இராஜாங்கத்தின் கழியை வைத்தே அளந்தார்கள்.

"இந்த ஆபீசுல தோள அளக்கறாங்க, இடுப்ப அளக்கறாங்க, தைக்கிற ஆளத்தான் காணும்" என்றார் அம்சவல்லி. பெண்கள் சிரித்தார்கள். பரணிதரன் அதைப் பயனாளிகளின் மகிழ்ச்சி என்று குறித்துக்கொண்டார்.

பின் பயிற்சி. வாரியத்தின் முற்றத்தில் தகரக் கொட்டகைக்கு அடியில் ஒரு நீல வண்டி நின்றது. எண் பலகையில் 'மாதிரி' என்று எழுதியிருந்தது. எஞ்சின் இருந்தால் யாராவது ஓட்டிப் பார்த்துவிடக்கூடும் என்பதால் அதற்கு எஞ்சின் வாங்கவில்லை. பயிற்சி தருபவர் தொழில்நுட்ப ஆலோசகர் பஞ்சநதம். முப்பது வருடம் பட்டுப்பூச்சி வளர்ப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பக்கத்து இருக்கையில் ஏறி, வேட்டியை மடித்துக்கொண்டார்.

"சாவியப் போடுங்க."

"சாவி இல்லீங்களே."

"போட்டதா வச்சுக்குங்க."

இராஜாங்கம் காற்றைத் திருகினார்.

"இப்ப எங்க போறோம்?"

"நின்னுக்கிட்டுதாங்க இருக்கோம்."

பஞ்சநதம் குறிப்பேட்டில் 'நம்பிக்கைக் குறைவு' என்று எழுதினார். இராஜாங்கம் அதை எட்டிப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னார்: "பாப்பாநாட்டுலேருந்து ஜல்லி ஏத்திட்டு வர்றோம்ங்க."

"வேகம்?"

"நாப்பது."

"கரை ரோட்டுலயா?"

"முப்பதுங்க."

இப்படியே அரைமணி நேரம் போனார்கள். வெயில் தகரத்தில் இறங்கி வண்டிக்குள் நிறைந்தது. இராஜாங்கத்துக்கு ஒரு கட்டத்தில் எதிரே இருந்த மதில்சுவர் வழிவிட்டதுபோல் இருந்தது. சுவருக்கு அப்பால் நாற்றங்கால்கள் ஓடின. கரையின் இருபக்கமும் வெள்ளெருக்கு. வளைவு தாண்டியதும் பாலம், புதிது, இன்னும் ஈரச் சாக்கு போர்த்தியது. அதன்மேல் வண்டி ஏறும்போது ஒரு சின்னக் குலுக்கல்கூட இல்லை. புதுத்தெருவில் எல்லாரும் வாசலில் நின்றார்கள். அவர் ஹாரன் அடிக்கக் கையைத் தூக்கினார்.

"மாடு!" என்று கத்தினார் பஞ்சநதம்.

"எங்கங்க?"

"அடிச்சிட்டீங்க."

"மாடே இல்லீங்களே!"

"இருந்துச்சு. செவல. சினைமாடு வேற."

பயிற்சி நிறுத்தப்பட்டது. விபத்து நடந்திருப்பதால் மாட்டின் உரிமையாளரிடமிருந்து ஆட்சேபம் இல்லை என்ற கடிதம் வேண்டும் என்றார்கள். மாட்டுக்கு உரிமையாளர் இல்லாததால், மாட்டை நினைத்தவரே அதற்குப் பொறுப்பு என்று முடிவாயிற்று. அதாவது பஞ்சநதம் கடிதம் தர வேண்டும். அவர் பேரப்பிள்ளையின் காதுகுத்துக்காகப் பதினெட்டு நாள் விடுப்பில் போயிருந்தார். திரும்பி வந்தபின், மாடு இறக்கவில்லை, காலில் மட்டும் அடி என்று பெருந்தன்மையோடு எழுதிக்கொடுத்தார். கடிதத்தை வாங்கும்போது இராஜாங்கம் கேட்டார்: "ஐயா வண்டி ஓட்டுவீங்களா?"

"எனக்கு லைசென்சே கிடையாது. அதனாலதான் என்னால நடுநிலையா மதிப்பிட முடியுது."

ஏப்ரல் பாதி முடிந்துவிட்டது. கோப்பு மறுபடி பரணிதரனிடம் வந்தது. அவர் வேலையிடத்தின் புகைப்படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இதுல பாலம் இருக்கே."

"பழைய பாலம் சார். அத இடிச்சிட்டுத்தான் புதுசு கட்டணும்."

"பாலம் இருக்கற இடத்துல பாலம் கட்ட வண்டி கேக்கறீங்க. நாளைக்குத் தணிக்கையில என்னக் கேப்பாங்களா மாட்டாங்களா? தேவ எங்கய்யா இருக்குன்னு கேட்டா நான் இந்தப் படத்தையா காட்டுவேன்?"

"நான் என்ன சார் பண்ணட்டும்?"

"இடிச்சிட்டுப் படம் எடுத்துட்டு வாங்க. இல்லாமைதான் தேவை. அது படத்துல தெரியணும். பதினஞ்சே நாள். சான்று உங்க கையில."

அன்று வீட்டில் சண்டை.

"வண்டி வரட்டும், அப்புறம் இடிங்க" என்றார் அம்சவல்லி.

"இடிச்சாத்தான் வண்டி."

"கெணத்துல குதிச்சாத்தான் கயிறு தருவேன்னு ஒருத்தன் சொன்னா, குதிச்சிருவீங்களா?"

"பதினஞ்சு நாளுன்னு சொல்லியிருக்காரு அம்சு. கையெழுத்தே போட்டுருக்காரு பாரு."

அம்சவல்லி சீட்டை வாங்கி வாசித்தார். "இது நீங்க ஆபீசுக்கு வந்துட்டுப் போனதுக்குப் போட்ட கையெழுத்து."

அதிகாரி ஒருவர் முகம் பார்த்துச் சொன்ன ஒரு வார்த்தையை இராஜாங்கத்தால் சந்தேகிக்க முடியவில்லை. அவருடைய தெருவில் யாருக்கும் அது பழக்கமில்லை. பத்தொன்பது வருடம் கழித்தென்றாலும், சொன்ன பாலம் வந்ததல்லவா? வெள்ளிக்கிழமை சூடம் கொளுத்திவிட்டுக் கடப்பாரையைத் தூக்கினார். இரண்டு நாளில் பாலம் போனது. புது அஸ்திவாரத்துக்கு ஆள் ஆழத்தில் குழியும் எடுத்தாயிற்று. தெருவில் யாரும் கவலைப்படவில்லை. காய்ந்த வாய்க்காலில் இறங்கி ஏறினார்கள். பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டமாக இருந்தது. படம் அருமையாக வந்திருந்தது. இரண்டு கரை, நடுவில் ஒன்றுமில்லை. பரணிதரன் அதைச் சட்டம் போட்டு வாரியத்தில் மாட்டிவிட்டார், தேவை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு முன்மாதிரியாக.

பதினைந்து நாளும் போயிற்று, இன்னொரு பதினைந்தும் போயிற்று. டிராக்டர்கள் இரும்புச் சக்கரம் மாட்டிக்கொண்டு சேற்றில் இறங்கிவிட்டன. இராஜாங்கம் தினமும் முதல் பேருந்தில் தஞ்சாவூர் போனார், கடைசிப் பேருந்தில் திரும்பினார். மெலிந்துவிட்டார். தெருக்காரர்கள், "என்ன மேஸ்திரி, ஆச்சா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டு வானத்தையும் வாய்க்காலையும் பார்க்கத் தொடங்கினார்கள். அது கேட்பதைவிட மோசமாக இருந்தது. ஒருநாள் கமருன்னிஸா அவருக்குத் தேநீர் வாங்கிக்கொடுத்து, மெதுவாகச் சொன்னார்: "அண்ணே, முழுக்குழு கூடினாத்தான் ஆகும். பன்னண்டாம் தேதி வச்சிருக்காங்க."

"ஜூன் பன்னண்டா? அன்னிக்குத்தானம்மா தண்ணி தொறக்கறாங்க."

"அதனாலதான். எல்லாருக்கும் ஞாபகம் இருக்கற தேதியா இருக்கட்டும்னு."

கூட்ட அறையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. மேட்டூரில் மதகு உயர்ந்ததும் குழுவினர் எழுந்து நின்று கைதட்டினார்கள். இராஜாங்கம் மட்டும் உட்கார்ந்திருந்தார். திரையில் நுரைத்துக்கொண்டு புறப்பட்ட தண்ணீர், அவர் ஒருவரைத் தேடி வருவதுபோல் இருந்தது.

முத்துப்பேட்டையில் படகுத்துறைப் பொறுப்பில் இருந்து வந்த உறுப்பினர் முதல் கேள்வியைக் கேட்டார்.

"டெல்டாவுல வெள்ளம் வரும். வண்டி மிதக்குமா?"

"நாலு டன் ஜல்லியோட மிதக்காதுங்க."

"ஜல்லி இல்லாம?"

"இல்லாமயும் மிதக்காதுங்க. லாரிங்க அது."

"அப்ப ஒரு பயனைக் குறைச்சுக்கறீங்க. அது உங்க விருப்பம். ஆனா அதத் திட்டத்தோட குறைபாடா எழுதக்கூடாது."

இன்னொருவர், கட்டட வேலை இல்லாத மாதங்களில் வண்டியில் நூலகம் நடத்த முடியுமா என்று கேட்டார். இராஜாங்கம் முடியும் என்றார். கல்யாண ஊர்வலம்? முடியும். மூலிகைக் கண்காட்சி? முடியும் சார், எல்லாம் முடியும். எதைக் கேட்டாலும் முடியும் என்று சொல்லுமளவுக்கு அவர் வந்திருந்தார். கடைசியில் பரணிதரன் எழுந்து உரையாற்றினார்.

"நம்ம வாரியம் தொடங்கி மூணு வருஷம் ஆகுது. இந்த மூணு வருஷத்துல, பெருமையாச் சொல்றேன், நம்ம வழியா வந்த ஒரு ஒப்பந்தக்காரர்கூடத் தப்பான வண்டி வாங்கினது கிடையாது. தவறு விகிதம் பூஜ்ஜியம். அண்டை மாநிலத்துக்காரங்க வந்து எப்படி சாதிச்சீங்கன்னு கேட்டாங்க. நான் ஒளிக்கல. நாங்க யாரையும் இன்னும் வாங்க விடலன்னு சொன்னேன். அசந்துட்டாங்க. இன்னிக்கு முதல்முறையா ஒரு வண்டியை அனுமதிக்கப் போறோம். இதுல எவ்வளவு பெரிய ஆபத்த நாம தலையில தூக்கிக்கறோம்னு இராஜாங்கம் புரிஞ்சுக்கணும். மூணு வருஷத்து சாதனை அவரு கையில இருக்கு."

இராஜாங்கம் எழுந்து கும்பிட்டார். அனுமதிக்கப்பட்டது அவர் மார்ச் மாதம் கேட்ட அதே வண்டிதான். ஓர் ஆணிகூட மாறவில்லை.

சான்று வங்கிக்குப் போய், வங்கி கையெழுத்திட்டு, வண்டி புறப்பட மேலும் இரண்டு வாரம் பிடித்தது. அதற்குள் பாலம் கட்டும் காலம் போய்விட்டது. இராஜாங்கம் ஒன்றியப் பொறியாளரின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சியதில், அவர் ஒரு வழி விட்டார். "இந்த வருஷத்துக்கு நாலு பெரிய சிமெண்ட் குழாயைப் போட்டு, மேல ஜல்லியும் மண்ணும் அடிச்சு வழி விடுங்க. தை மாசம் தண்ணி நின்னதும் பாலத்தக் கட்டுங்க. ஆனா தண்ணி வர்றதுக்கு முன்னாடி போடணும். முழங்காலுக்கு மேல தண்ணி ஓடினா குழாய் நிக்காது." குழாய்கள் விலக்கு ரோட்டில், இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் கிடந்தன. வண்டி இருந்தால் நாலு நடை. ஒன்றிரண்டு மணி நேர வேலை. போடாவிட்டால், தை வரை ஏழு மாதத்துக்கு நாற்பத்தாறு வீடும் அக்கரையில்.

ஜூன் இருபத்தேழு காலை வண்டி வந்தது. பன்னீர் ரோஜா மாலை போட்டு, வாழைக்கன்று கட்டி, வாரியத்தின் டிரைவர் ஓட்ட, கரை ரோட்டில் எங்கும் இடிக்காமல் மெதுவாக வந்து வாய்க்கால் ஓரம் நின்றது. பின்னாலேயே வாரியத்தின் ஜீப். பரணிதரன் இறங்கினார். தாம்பாளத்தில் மஞ்சள், குங்குமம், வெற்றிலை, நடுவில் டிரைவரிடம் வாங்கி வைத்த சாவி. தலைமதகு முந்தின நாளே திறந்தாயிற்று, மதியத்துக்குள் தண்ணீர் வந்துவிடும் என்று பாசனத்துறை ஊழியர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இராஜாங்கத்தின் ஆட்கள் மண்வெட்டியோடு தயாராக நின்றார்கள். விலக்கு ரோட்டில் குழாய் ஏற்ற எட்டுப் பேர் காத்திருந்தார்கள்.

இராஜாங்கம் கை நீட்டினார்.

"இருங்க இருங்க" என்றார் பரணிதரன். "படம் எடுக்கணும். பயனாளியோட பதிவு முகவரியில, வாசலுக்கு முன்னால வண்டி நிக்கற மாதிரி. அப்புறம்தான் சாவி. உங்க வீடு எது?"

இராஜாங்கம் அக்கரையைக் காட்டினார். நான்காவது வீடு. பச்சைக் கதவு.

"அங்க எப்படிப் போறது?"

நடுவில் வாய்க்கால், அதன் நடுவில் ஆள் ஆழக் குழி.

"பாலம் எங்க?"

"இடிச்சிட்டோம் சார். நீங்கதான் சார் படம்..."

"ஓ, அந்தப் படம்!" பரணிதரனின் முகம் மலர்ந்தது. "நேர்ல இன்னும் நல்லாருக்கே."

"சார், நாலு குழாய் போட்டா வண்டியே அந்தப் பக்கம் போயிரும். மத்தியானத்துக்குள்ள போட்டுடறேன். வாசல்ல நிறுத்தி எத்தன படம் வேணும்னாலும் எடுத்துக்குங்க."

"குழாய் எதுல கொண்டு வருவீங்க?"

"இதுலதான் சார்."

"சாவி குடுக்காத வண்டியில எப்படிக் கொண்டு வருவீங்க?" உண்மையான அக்கறையோடுதான் கேட்டார்.

அப்போது மேற்கே ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. சருகு நொறுங்குவது போல. வாய்க்கால் தரையில் தண்ணீரின் முன்விளிம்பு வந்துகொண்டிருந்தது. காய்ந்த இலை, செருப்பு, நுரை, பிளாஸ்டிக் டம்ளர் எல்லாவற்றையும் முன்னால் தள்ளிக்கொண்டு, ஒரு முதியவர் நடக்கும் வேகத்தில். மற்ற வருடங்களில் தெருவே இறங்கி அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும். இந்த முறை இரண்டு கரையிலும் யாரும் அசையவில்லை.

அம்சவல்லிதான் முதலில் அசைந்தார். வாய்க்காலில் இறங்கி, குழியைச் சுற்றி, அக்கரை ஏறி ஓடினார். கதவு எண் தகட்டைப் பிடுங்கிக்கொண்டு திரும்பி வந்தார். தண்ணீர் அதற்குள் பாதத்தை நனைத்திருந்தது.

"இந்தாங்க சார் நம்பரு. வண்டி மேல வச்சுப் படம் எடுங்க."

"இது எண்ணும்மா. வாசல் வேணும்."

அம்சவல்லி அவரை ஒரு நொடி பார்த்தார். பிறகு அக்கரையை நோக்கிக் குரல் கொடுத்தார். புதுத்தெருவில் தச்சு வேலை தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். கால்மணி நேரத்தில் பச்சைக் கதவு, நிலையோடு, சுவரிலிருந்து பெயர்ந்து வந்தது. ஆறு பேர் அதைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் இறங்கினார்கள். நடு வாய்க்காலில் ஒருவர் குழியில் சறுக்கியபோது கதவு ஆகாயத்தில் ஒருமுறை திறந்து மூடியது. கரை ஏற்றி வண்டிக்கு முன்னால் நிறுத்தினார்கள். தானாக நிற்காததால் இராஜாங்கம் பின்னால் நின்று தோள் கொடுத்தார். அம்சவல்லி எண் தகட்டை மாட்டி, நிலைக்கு முன்னால் மண்ணைத் தட்டி, ஆறு புள்ளிக் கோலம் ஒன்று போட்டார். அவசரத்தில் ஒரு கோடு கோணியது. அழித்துவிட்டு மறுபடி போட்டார்.

பரணிதரன் நெகிழ்ந்துபோனார். "இதுதாங்க பயனாளியோட பங்கேற்பு" என்றார். கைபேசியை எடுத்து, தாம்பாளம் கதவு வண்டி மூன்றும் வருகிற மாதிரி பின்னால் நகர்ந்து படம் எடுத்தார். இன்னொன்று எடுத்தார். திரையைப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"அடடா."

"என்ன சார்?" கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"படத்துல இடக்குறி தானா விழுதுய்யா. வீடு அங்க, வாசல் இங்க. நாப்பது மீட்டர் வித்தியாசம் காட்டுது. கணினி ஏத்துக்காது. நான் மனுஷன், நான் ஏத்துக்குவேன். அது ஏத்துக்காதே."

தண்ணீர் குழிக்குள் விழும் சத்தம் கேட்டது. குடம் நிறைவதுபோல் சத்தம் மெல்ல மேலே ஏறிக்கொண்டு வந்தது. விலக்கு ரோட்டில் காத்திருந்தவர்களிடமிருந்து மூன்றாவது முறையாகத் தொலைபேசி அழைப்பு வந்தது. அதை எடுக்க இராஜாங்கத்துக்குக் கை இல்லை. கையை எடுத்தால் கதவு விழுந்துவிடும். அக்கரையில் நாற்பத்தாறு வீட்டு ஜனமும் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தது. பரணிதரன் தாம்பாளத்தை ஜீப்பின் முன் இருக்கையில் வைத்துவிட்டு, மேலதிகாரி யாருக்கோ பேச, சிக்னல் தேடிக் கரையோரமாக நடக்க ஆரம்பித்தார். இராஜாங்கம் கதவைத் தோளால் தாங்கியபடி, கையால் மெல்லத் தள்ளினார். அது திறந்தது. திறந்த வாசலுக்குள்ளிருந்து அவர் முகம் தெரிந்தது.

"சார். முழங்கால் வர்றதுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு சார். சாவி எனக்கு வேணாம், உங்க டிரைவரே ஓட்டட்டும். நாலு நடை மட்டும் சார். போகச் சொல்லுங்க சார்."